கார் பிரேக் பிடித்தால் மட்டும் போதாது, விடவும் வேண்டும்

"தம்பி, எந்த பிரேக் நல்லது? ஒரே ஒரு பெயர் சொல்லு, வாங்கிடுறேன்."

வாரத்துக்கு ஒரு முறையாவது இப்படி ஒரு போன் வந்துவிடும். அமெரிக்காவில் மோட்டார்ஹோம் பட்டறையில் வேலை பார்க்கிறேன். பணி ஓய்வுக்குப் பிறகு வீடு மாதிரி ஒரு பெரிய வண்டி வாங்கி, அதன் பின்னால் சொந்தக் காரையும் கோத்துக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பும் நம் ஆட்கள், பின்னால் வரும் அந்தக் காருக்கு எந்தத் தனி பிரேக் மாட்டலாம் என்று யாரிடமாவது என் எண்ணை வாங்கிக் கேட்பார்கள். நான் பெயர் சொல்வதில்லை, பதிலுக்கு இரண்டு கேள்வி கேட்பேன். உங்கள் மோட்டார்ஹோமில் இருப்பது காற்றழுத்தத்தில் பிடிக்கும் ஏர் பிரேக்கா, எண்ணெய் அழுத்தத்தில் பிடிக்கும் ஹைட்ராலிக் பிரேக்கா? எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வெளியேறும் வழியை மறித்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைப்பது) போட்டால் பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா? முதல் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் வந்துவிடும். இரண்டாவதற்கு, "அதையெல்லாம் யாருப்பா இறங்கிப் பார்த்தா?" என்பார்கள்.

அதற்கு முன்னால் இன்னொரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். "என் வண்டி 25,000 பவுண்டு, பின்னால் வருவது 4,000 பவுண்டு, அதற்கு எதற்குத் தனி பிரேக்?" சமதளத்தில் நிதானமாகப் போகும்வரை வித்தியாசம் தெரியாதுதான். கொலராடோவில் ஐ-70 சாலையில் ஐசன்ஹோவர் சுரங்கத்தைத் தாண்டி மேற்கே இறங்கும்போது தெரியும். அங்கே சரிவு 7 சதவீதம். 4,000 பவுண்டில் 7 சதவீதம் என்றால் 280 பவுண்டு. அவ்வளவு விசை, அடிவாரம் வரும்வரை ஒரு நொடி ஓயாமல் உங்கள் வண்டியை முதுகில் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் முன்னால் போகிறவர் திடீரென்று நின்றால், தள்ளுகிற காரையும் சேர்த்து உங்கள் பிரேக்தான் நிறுத்த வேண்டும். அந்த பிரேக்கோ பொதுவாக மோட்டார்ஹோமின் சொந்த எடைக்கு மட்டும் கணக்குப் போட்டுச் செய்தது. இன்ஜினுக்கு இழுக்கத் தெம்பு இருப்பதாலேயே பிரேக்குக்கும் தெம்பு இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பல மாநிலங்களில் 3,000 பவுண்டுக்கு மேல் என்றால் தனி பிரேக் கட்டாயம், சில இடங்களில் எல்லை இன்னும் குறைவு. நாலு மாநிலம் தாண்டிப் போகிறவர் மாட்டிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

ஒருவர் டீசல் மோட்டார்ஹோமும் பின்னால் ஒரு எஸ்யூவியும் வைத்திருந்தார். மலைப்பகுதியில் இறங்கி வந்தபோது பெட்ரோல் பங்கில் யாரோ, "உங்க கார் சக்கரத்தில் புகை வருது" என்று சொல்லியிருக்கிறார்கள். எங்களிடம் வந்தபோது முன் சக்கரங்களின் பிரேக் தட்டு (ரோட்டர்) இரண்டும் சூட்டில் நீலம் பாரித்துக் கிடந்தன, பேட் தேய்ந்து வெறும் இரும்பு தெரிந்தது. பிரேக் அமைப்பில் ஒரு குறையும் இல்லை. மிதித்தால் பிடித்தது, விட்டால் விட்டது. அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டோம். கடைசியில் கூட வேலை செய்யும் பையனை மோட்டார்ஹோம் ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, எக்ஸாஸ்ட் பிரேக் ஸ்விட்சைப் போடச் சொல்லிவிட்டு, நான் காரின் கதவைத் திறந்து தரையோடு தரையாகக் குனிந்து பிரேக் பெடலைப் பார்த்தேன். அவன் ஸ்விட்சைப் போட்டான். பெடல் தானாகக் கீழே இறங்கியது, இறங்கிய இடத்திலேயே நின்றது.

நடந்தது இதுதான். சில டீசல் வண்டிகளில் எக்ஸாஸ்ட் பிரேக் வேலை செய்யும்போது, பின்னால் வருகிறவருக்குத் தெரியட்டும் என்று பிரேக் விளக்கும் எரியும்படி ஒயரிங் செய்திருப்பார்கள். இவர் காரில் வைத்திருந்ததோ பிரேக் விளக்கின் மின்சாரம் வந்தாலே பெடலை மிதிக்கிற ரகம். மலையிறக்கம் முழுவதும் அவர் ஒழுங்காக எக்ஸாஸ்ட் பிரேக்கை நம்பி, தன் பிரேக்கைத் தொடாமல் இறங்கியிருக்கிறார். பின்னால் அவருடைய கார் மைல் கணக்கில் பிரேக்கைப் பிடித்தபடியே வந்திருக்கிறது. அவருக்குத் தெரிய வழியே இல்லை. அவ்வளவு பெரிய வண்டி, அவ்வளவு இழுவை, பின்னால் ஒரு கார் முரண்டு பிடிப்பது ஸ்டீயரிங்கில் எங்கே தெரியப்போகிறது? அன்றைக்கு டயர் தீப்பிடிக்காதது அவருடைய நல்ல நேரம்.

அதனால்தான், எவ்வளவு பலமாகப் பிடிக்கும் என்று விளம்பரம் சொல்வதை விட்டுவிட்டு, எப்போது விடும், விடாவிட்டால் எனக்கு எப்படித் தெரியும் என்று கேளுங்கள் என்கிறேன்.

ஏர் பிரேக் உள்ள மோட்டார்ஹோம் என்றால் என் ஓட்டு, அந்தக் காற்றையே ஒரு குழாய் வழியாகக் காருக்குக் கொண்டுபோகும் அமைப்புக்குத்தான். ஏர் ஃபோர்ஸ் ஒன் என்ற பெயரில் விற்கும் பிரேக் இந்த வகை. நீங்கள் பெடலை எவ்வளவு அழுத்துகிறீர்களோ அதற்கு ஏற்ற அளவில் காரிலும் அழுத்தும், காலை எடுத்தால் காற்று இறங்கிவிடும். எக்ஸாஸ்ட் பிரேக் என்ன செய்தாலும் இதற்குக் கவலையில்லை, ஏனென்றால் இது விளக்கைப் பார்ப்பதே இல்லை.

ஹைட்ராலிக் பிரேக் உள்ள பெட்ரோல் வண்டிக்காரர்களுக்கு வழி பல. காருக்குள் நிரந்தரமாகப் பொருத்தி, கம்பி வைத்துப் பெடலை இழுக்கும் வகை உண்டு. காரை மோட்டார்ஹோமோடு கோக்கும் டோ பாரிலேயே ஒரு நகரும் பாகம் வைத்து, கார் முன்னால் தள்ளும் விசையையே பயன்படுத்தும் வகை உண்டு. எலக்ட்ரானிக்ஸ் குறைவு, எனக்குப் பிடித்த எளிமை, ஆனால் நீண்ட இறக்கத்தில் கார் தள்ளிக்கொண்டே இருக்கும் என்பதால் அதுவும் லேசாகப் பிடித்துக்கொண்டே வரக்கூடும். அப்புறம் எல்லோரும் முதலில் கேட்கும் பெட்டி. ஓட்டுநர் இருக்கைக்கும் பெடலுக்கும் நடுவே வைத்துவிட்டால் வேகம் குறைவதை உணர்ந்து தானே மிதிக்கும். கார் மாற்றினால் கூடவே எடுத்துக்கொள்ளலாம், பொருத்துகிற கூலியும் பெரும்பாலும் மிச்சம். ஆனால் ஒவ்வொரு முறை கோக்கும்போதும் வைக்க வேண்டும், அவிழ்க்கும்போது எடுக்க வேண்டும். மழையில் நனைந்துகொண்டு மூன்றாம் நாள் அதைச் செய்யும் பொறுமை உங்களுக்கு இருக்கிறதா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டியில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. இன்ஜினை அணைத்த பிறகும் மிதிக்கும் விசையைப் பெருக்கித் தரும் பிரேக் பூஸ்டரில் கொஞ்சம் வெற்றிடம் (வேக்யூம்) மிச்சமிருக்கும். அந்த நிலையில் பெடல் மெத்தென்று இருக்கும், லேசாக மிதித்தாலே பலமாகப் பிடிக்கும். பெட்டியை வைக்கும் முன் பெடலை நாலைந்து முறை மிதித்து, அது கல்லு மாதிரி ஆன பிறகுதான் வைக்க வேண்டும். சில ஹைபிரிட் கார்களில் இந்தக் கதையே வேறு, இன்ஜின் ஓடாவிட்டாலும் பிரேக் உதவி உயிரோடு இருக்கும், எத்தனை மிதித்தாலும் பெடல் இறுகாது. அதற்கென்று அழுத்தத்தைக் குறைக்கும் அமைப்பு பெட்டியில் இல்லையென்றால் அந்தப் பெட்டி உங்களுக்கு வேண்டாம். இன்னொன்று, வேகம் குறைவதை உணரும் கருவியை ரொம்பக் கூர்மையாக வைத்தால், வண்டி மூக்கைக் கீழே சாய்த்து இறங்குவதையே பிரேக் போட்டதாக எடுத்துக்கொள்ளும். பேருந்து சரிவில் இறங்கும்போது கம்பியில் தொங்கும் கைப்பிடியெல்லாம் முன்னால் சாயுமே, அதே கணக்குதான். ஒரு படி குறைத்தே வையுங்கள்.

எதை வாங்கினாலும் ஒரு சின்ன விளக்கு அவசியம். காரின் பிரேக் பெடல் இறங்கியவுடன் மோட்டார்ஹோம் டாஷ்போர்டில் எரிய வேண்டும், பெடல் ஏறியவுடன் அணைய வேண்டும். மோட்டார்ஹோமின் பிரேக் சிக்னலைப் பார்த்து எரிகிற விளக்கு பிரயோஜனமில்லை, காரில் இருக்கும் பெடல் ஸ்விட்சிலிருந்து வரவேண்டும். பிரேக்கில் ஆயிரம் டாலருக்கு மேல் போட்டுவிட்டு, விளக்குக்கு ஒயர் இழுக்கச் சோம்பல்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். கூடவே காரின் பேட்டரிக்கு ஒரு சார்ஜ் லைனும் போட்டுவிடுங்கள், நாள் முழுக்க ஓடினால் பல அமைப்புகள் அதை உறிஞ்சிவிடும்.

முதல் பயணத்தில் பத்து மைல் ஓட்டிவிட்டு ஓரம் கட்டுங்கள். வெப்பம் காட்டும் துப்பாக்கி இருந்தால் காரின் சக்கரங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். இல்லையென்றால் புறங்கையை அருகில் கொண்டுபோனாலே போதும், தொட வேண்டாம். அனல் அடித்தால் எங்கோ பிடித்துக்கொண்டிருக்கிறது.

பிரேக்அவே கம்பியையும் சோதிக்க வேண்டும். கார் கழன்று ஓடினால் காரிலுள்ள ஸ்விட்சில் சொருகியிருக்கும் பின்னை (ஊசியை) பிடுங்கி, காரைத் தானாக நிறுத்துவது அதுதான். அதன் மறுமுனையை டோ பாரில் மாட்டாதீர்கள், டோ பாரே கழன்றால் கம்பியும் கூடவே போய்விடும். மோட்டார்ஹோமின் இரும்புச் சட்டத்தில் மாட்டுங்கள். பின்னைக் கையால் பிடுங்கிவிட்டு மோட்டார்ஹோமை அரை அடி நகர்த்திப் பாருங்கள், கார் சக்கரம் சுழலக் கூடாது. பார்த்து முடித்ததும் பின்னை மறுபடி சொருகிவிட்டுக் கிளம்புங்கள். நான் ஒரு முறை மறந்துவிட்டேன், எங்கள் பட்டறை வாசலில் அந்த இரண்டு கறுப்புக் கோடு இன்னும் இருக்கிறது.