113 என்ற எண்ணின் நடு இலக்கம்

சனிக்கிழமை பின்னேரம் அக்காவின் மகன் வெள்ளவத்தையிலிருந்து போன் எடுத்தான். புதிதாக 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி, தன்னுடைய உபுண்டு லினக்ஸ் மெஷினில் பூட்டியிருக்கிறான்.

"மாமா, பெட்டியில 6 ஜிகாபிட் எண்டு போட்டிருக்கு. லினக்ஸ் 1.5 எண்டு சொல்லுது. அதுக்குக் கீழ 133 எண்டும் ஒண்டு கிடக்கு. பழசைத் தலையில கட்டிப்போட்டாங்கள் போல."

"கடைக்காரரோட சண்டைக்குப் போகாத. முதல்ல, லினக்ஸ் எழுதி வைக்கிற பதிவைக் காட்டுற டிமெசேஜ் (dmesg) கட்டளையை அடிச்சு, வாற வரியளைப் படம் எடுத்து அனுப்பு" என்றேன்.

வாட்ஸ்அப்பில் படம் வந்தது. சாட்டா லிங்க் அப் 1.5 ஜிபிபிஎஸ், எஸ்ஸ்டேட்டஸ் 113, எஸ்கன்ட்ரோல் 310. சற்றுக் கீழே, கன்ஃபிகர்ட் ஃபார் யுடிஎம்ஏ/133. சாட்டா என்பது டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் முறை. ஜிபிபிஎஸ் என்றால் வினாடிக்கு இத்தனை ஜிகாபிட்.

133 கதையை முதலில் முடித்துவிடலாம். அது பட்டையான ரிப்பன் கேபிள் காலத்து எண். 80 கம்பிகள் ஓடிய அந்தப் பட்டையில் வினாடிக்கு 133 மெகாபைட் வரை போகலாம் என்பதைக் குறித்தது. சாட்டாவில் அப்படி ஒரு முறையே இல்லை. ஆனாலும் லினக்ஸின் டிஸ்க் பகுதியான லிப்அட்டா பழைய வழக்கத்தில் அந்த வரியை இன்னும் எழுதுகிறது. லிங்க் எந்த வேகத்தில் ஓடினாலும் பெரும்பாலும் 133 என்றே சொல்லும். அதைப் பார்த்து யாரும் தூக்கம் கெடத் தேவையில்லை.

1.5 அப்படியல்ல, அது உண்மையான எண். ஆனால் அது டிஸ்க்கின் வேகமும் அல்ல. மதர்போர்டும் டிஸ்க்கும் தங்களுக்குள் பேசி ஒத்துக்கொண்ட கம்பியின் வேகம்.

இந்தப் பேச்சு எப்படி நடக்கிறது என்பது சுவையானது. கரண்ட் வந்ததும் மதர்போர்டு ஒரு தட்டுத் தட்டுகிறது. அதற்குக் காம்ரிசெட் என்று பெயர். டிஸ்க் காம்இனிட் என்று திருப்பித் தட்டும். பிறகு இரண்டு பக்கமும் காம்வேக் சொல்லிக்கொள்ளும். இவற்றுக்குள் தரவு எதுவும் இல்லை. விட்டு விட்டு வரும் துடிப்புகள்தான். துடிப்புகளுக்கு இடையே உள்ள அமைதியின் நீளமே செய்தி. அப்புறம் டிஸ்க் தனக்குத் தெரிந்த மிக உயர்ந்த வேகத்தில் 'அலைன்' என்ற ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப அனுப்பும். 54.6 மைக்ரோசெக்கனுக்குள் எதிர்ப்பக்கம் அதே வேகத்தில் பதில் தராவிட்டால் ஒரு படி இறங்கி மறுபடி முயலும். கொழும்பில் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தால் பேசுபவர் ஒரு மொழியில் ஹலோ சொல்லிப் பார்ப்பார், பதில் இல்லையென்றால் அடுத்த மொழிக்குத் தாவுவார் இல்லையா, கிட்டத்தட்ட அதுதான். இங்கே இருப்பவை மூன்றே 'மொழிகள்': 6, 3, 1.5 ஜிகாபிட்.

சரி, 1.5 ஜிகாபிட் என்றால் எத்தனை மெகாபைட்? எட்டால் வகுத்தால் 187 வரும். அந்தக் கணக்கு இங்கே செல்லாது. சாட்டா கம்பியில் கடிகாரத் துடிப்புக்கென்று தனிக் கம்பி கிடையாது. வரும் பிட்டுகள் 0 என்றும் 1 என்றும் மாறுவதைப் பார்த்துத்தான் பெறுபவர் தாளத்தைப் பிடிக்க வேண்டும். நீளமாகப் பூச்சியங்களே வந்தால் தாளம் தவறிவிடும். அதனால் ஒவ்வொரு 8 பிட்டும் 10 பிட்டாக மாற்றி அனுப்பப்படுகிறது. மாற்றங்கள் போதிய அளவு இருக்கும், 0களும் 1களும் ஏறக்குறையச் சமமாக இருக்கும். ஐபிஎம்மில் வேலை செய்த விட்மரும் ஃபிரானஷெக்கும் 1983இல் வெளியிட்ட உத்தி இது. ஆகவே பத்தால் வகுக்க வேண்டும்: 1.5க்கு 150 மெகாபைட், 3க்கு 300, 6க்கு 600.

இந்த 600ஐ எந்தச் சுழலும் டிஸ்க்கும் தொடர்ந்து தராது. மருமகன் வாங்கியது நிமிடத்துக்கு 7200 சுற்று, அதாவது வினாடிக்கு 120. தட்டின் வெளி விளிம்பில் ஒரு சுற்றில் ஒன்றரை மெகாபைட் எழுதியிருந்தால் வினாடிக்கு 180 மெகாபைட் வரும், அவ்வளவுதான். உள்பக்கம் போகப் போக வட்டம் சிறுத்து, கடைசியில் பாதியளவுக்கு இறங்கிவிடும். வெளியிலிருந்து உள்ளே நிரப்புவதால், டிஸ்க் நிறைய நிறைய அது மெதுவாவதும் இயல்பு. ஹார்ட் டிஸ்க் பெட்டியில் போட்டிருக்கும் '6 ஜிகாபிட்' என்னைக் கேட்டால் பெட்டிக்குத்தான் அழகு. லிங்க் 3இல் நின்றிருந்தால் "பேசாமல் பாவிச்சுக்கொண்டிரு" என்று சொல்லிப் போனை வைத்திருப்பேன். 1.5 என்றால் விஷயம் வேறு. 180 தரக்கூடிய தட்டுக்கு 150இல் கதவு.

"ஆனா கொப்பி பண்ணேக்க 700 காட்டினது மாமா" என்றான். காட்டும். லினக்ஸ் கோப்பை முதலில் ராமில் வாங்கி வைத்துக்கொண்டு, டிஸ்க்கில் பிறகு ஆறுதலாக எழுதும். அந்த 700 ராமின் வேகம். ராமில் அதற்கென விட்ட இடம் நிரம்பியதும் கொப்பி அப்படியே நின்றுவிடும். டிஸ்க்கை அளக்க ஹெச்டிபார்ம் கட்டளையைச் சிறிய டி (-t) போட்டு ஓட்ட வேண்டும். பெரிய டி (-T) போட்டால் அதுவும் ராமைத்தான் அளக்கும். சிறிய டியில் அவனுக்கு வந்தது 128.

இனி படத்தில் இருந்த 113, 310 என்ற எண்களுக்கு வருவோம். எல்லாம் அவற்றில்தான் இருக்கிறது. எஸ்ஸ்டேட்டஸ் 113 என்பது தற்போதைய நிலை. கடைசி 3, டிஸ்க் இருக்கிறது, இணைப்பும் கிடைத்தது என்கிறது. முதல் 1, இணைப்பு விழித்திருக்கிறது என்பது. நடு இலக்கம் வேகம்: 1 என்றால் 1.5, 2 என்றால் 3, 3 என்றால் 6. எஸ்கன்ட்ரோல் என்பது கட்டளை. அங்கேயும் நடு இலக்கத்தைப் பாருங்கள். 0 என்றால் வேகத்துக்குத் தடை இல்லை. சாதாரணமாக 300 என்று இருக்க வேண்டும். இவனுடையது 310. 'ஒன்றுக்கு மேல் போகாதே' என்று யாரோ உத்தரவு போட்டிருக்கிறார்கள்.

உத்தரவு இல்லாமலே வேகம் குறைந்திருந்தால் தேட வேண்டிய இடம் வேறு. மதர்போர்டு பழசாக இருக்கலாம், அல்லது டிஸ்க்கின் பின்னால் வேகத்தை மட்டுப்படுத்தும் குட்டி ஜம்பர் ஒன்று செருகியிருக்கலாம். வியா கம்பனியின் விடி8237 போன்ற சில பழைய சிப்புகள், 3 ஜிகாபிட் டிஸ்க்கைக் கண்டால் ஒரு படி இறங்கிப் பேசத் தெரியாமல் திணறின. அவற்றுக்காகத்தான் அந்த ஜம்பரே வந்தது. யூஎஸ்பி பெட்டியில் போட்ட டிஸ்க் என்றால் இந்த வரிகளே வராது. அங்கே எந்த ஓட்டையில் செருகினீர்கள் என்பதுதான் கேள்வி.

உத்தரவு போட்டது யார்? சில நேரம், மெஷின் எழும்பும்போது முதலில் ஓடும் பயோஸ். இங்கே லினக்ஸின் மையமான கேர்னல். பதிவில் மேலே போகச் சொன்னேன். மெஷின் எழும்பியபோது 6.0, எஸ்ஸ்டேட்டஸ் 133, எஸ்கன்ட்ரோல் 300. எல்லாம் ஒழுங்கு. சில நிமிடத்தில், கம்பியில் வந்த தரவு பழுதானதைச் சொல்லும் சிஆர்சி பிழை, லிங்க்கை மீட்டமைக்கிறேன் என்று ஒரு வரி. மறுபடி பிழை. பிறகு, வேகத்தை 3.0க்கு மட்டுப்படுத்துகிறேன் என்று ஒரு வரி. இன்னும் இரண்டு பிழை, 1.5. அதற்குப் பிறகு அமைதி. குழி விழுந்த ரோட்டில் கியரைக் குறைக்கும் சாரதி மாதிரித்தான் கேர்னல் நடந்துகொண்டது. இந்தத் தடை கேர்னலின் நினைவில் மட்டுமே இருப்பதால், ரீபூட் செய்தால் மறுபடி 6இல் தொடங்கும், மறுபடி இறங்கும்.

வேகத்தைக் குறைத்தால் பிழை ஏன் நிற்கிறது? 6 ஜிகாபிட்டில் ஒரு பிட்டின் ஆயுள் 167 பிக்கோசெக்கன். அந்த நேரத்தில் மின் சைகை கேபிளில் ஏறக்குறைய 3 சென்ரிமீற்றர்தான் ஓடும். அரை மீற்றர் கேபிளுக்குள் பதினைந்து பிட்டுகள் ரயில் பெட்டி மாதிரி ஒரே நேரத்தில் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும். கேபிள் கூராக மடிந்த இடத்திலோ, கனெக்டர் தளர்ந்த இடத்திலோ சைகையின் ஒரு பகுதி எதிரொலித்துத் திரும்பி, பின்னால் வரும் பிட்டில் மோதும். 1.5இல் ஒரு பிட்டின் நீளம் 13 சென்ரிமீற்றர். அதே எதிரொலி இப்போது அந்தப் பிட்டின் தொடக்கத்தில் விழுந்து, பெறுபவர் பார்க்கும் நடுப்பகுதி வருமுன்னே அடங்கிவிடும்.

டிஸ்க் புதிது, கேபிள் பழையது. முந்தைய டிஸ்க்கிலிருந்து கழற்றிய சிவப்புக் கேபிளையே பூட்டியிருந்தான். ஒரு முனைக்குப் பக்கத்தில் செங்கோணமாக மடிந்து, தோல் வெளிறிப்போயிருந்தது. கடற்கரைப் பக்க ஜன்னலோரம் வருடக்கணக்காக இருந்த மெஷின். உப்புக்காற்று கெடுத்ததா, மடிப்பு கெடுத்ததா என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், மடிப்பையே சந்தேகிக்கிறேன். பழைய டிஸ்க் 1.5 ஜிகாபிட்தான் என்பதால் அப்போது அது தெரியவில்லை.

திங்கட்கிழமை கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த யூனிட்டி பிளாசாவுக்குப் போய்ப் பூட்டுக் கிளிப் உள்ள கேபிள் ஒன்று வாங்கி வந்தான். இந்த முறை லிங்க் 6.0, எஸ்ஸ்டேட்டஸ் 133, எஸ்கன்ட்ரோல் 300. ஹெச்டிபார்ம் 181 சொன்னது.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 199ஆம் வரிசையையும் பார்க்கச் சொன்னேன். கம்பியில் நடந்த சிஆர்சி பிழைகளை டிஸ்க் அங்கே எண்ணி வைத்திருக்கும். அந்த எண் ஏறும், ஒருபோதும் இறங்காது. 47 இருந்தது.

"புது டிஸ்க்கில 47 பிழையா மாமா, மாத்தித் தரச் சொல்லுவமா?"

"அது பழைய கேபிளின்ர கணக்கு. 48 ஆனா எனக்குப் போன் எடு."

மூன்று வாரமாகிறது. 47இலேயே நிற்கிறதாம்.