கறள் இல்லாத முள்ளும் ஏற்பு ஊசியும்

"டொக்டர், தூண்டில் முள்ளு புதுசு. கறளே இல்லை. ஊசி வேண்டாம்."

இனி யாராவது இதைச் சொன்னால் நான் வாய் திறக்கப் போவதில்லை. இந்தக் கட்டுரையை அச்செடுத்துக் கையில் கொடுத்துவிட்டு தாதி மிஸ்ஸிடம் ஏற்பு (டெட்டனஸ்) ஊசியை எடுக்கச் சொல்லப் போகிறேன்.

ஆடி, ஆவணி வந்தால் வன்னிக் குளக்கட்டுகளில் தூண்டில்காரர் கூடிவிடுவார்கள். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், எங்கே போனாலும் ஊர்ப் பெடியள் தடியும் தங்கூசி நூலுமாக நிற்கிறார்கள். மடுவுக்கும் நல்லூருக்கும் வந்த வெளிநாட்டுச் சொந்தக்காரர் சுருள் பூட்டிய விலையுயர்ந்த தூண்டில்தடிகளோடு நிற்கிறார்கள். யப்பான் மீனும் விராலும் அகப்படுகின்றனவோ இல்லையோ, ஆட்கள் அகப்படுகிறார்கள். விரல், உள்ளங்கை, பிடரி, காதுமடல். ஒருமுறை ஒருவருடைய மூக்கு.

கடைசியாக வந்தது ஒரு சின்னப் பையன். முள் புருவத்தில் ஏறியிருந்தது. இன்னும் கொஞ்சம் கீழே பட்டிருந்தால் கண். எறிந்தவர் கனடாவிலிருந்து வந்த மாமா. அவரே கவலையோடு சொன்ன கதைதான் எனக்குக் கோபத்தைக் கூட்டியது. அவர் ஒவ்வொரு வசந்தத்திலும் பிரிட்டிஷ் கொலம்பியாவில் காசு கட்டி, வழிகாட்டி ஒருவரோடு ஆற்றில் ட்ரவுட் பிடிக்கப் போகிறவர். ஈயைப் போலக் கட்டிய பொய் இரையைத் தலைக்கு மேலால் முன்னும் பின்னும் வீசி எறிகிற வகை. கண்ணாடியும் தொப்பியும் இல்லாமல் வழிகாட்டி தண்ணீரில் இறங்க விடமாட்டாராம். எறிகிற நேரம் பின்னால் யாரும் நிற்கக்கூடாதாம். அந்த மாகாணத்து ஆறுகளில் எதிர்முள் (நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் கூர்) இல்லாத ஒற்றைத் தூண்டில் மட்டும்தான் பாவிக்கலாம், அது சட்டம். இவ்வளவும் தெரிந்த மனிதர் இரணைமடுக் கட்டில் ஏறியதும், மும்முள் பூட்டிய பெரிய பொய் மீனைக் கட்டி, மருமக்கள் எல்லாரும் முதுகுக்குப் பின்னால் நின்று பார்க்க எறிந்திருக்கிறார். அங்கே வழிகாட்டி சொன்னால் கேட்கிறீர்கள். இங்கே சொல்ல ஆளில்லை என்றால் பிள்ளையின் கண் கண்ணில்லையா?

முள்ளை எடுத்தாயிற்று. ஊசி என்றதும் மாமாவும் அம்மாவும் ஒரே குரலில் அந்த வசனத்தைச் சொன்னார்கள். முள்ளு புதுசு.

சரி, கறளைப் பற்றிப் பேசிவிடுவோம். ஏற்புவலிக்கும் கறளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இரும்பு கறள் பிடிப்பது காற்றாலும் ஈரத்தாலும். அதில் நோய் எதுவும் பிறப்பதில்லை. ஏற்புவலியைத் தரும் கிருமி வாழ்வது மண்ணிலும் மாட்டுச் சாணத்திலும். அதன் வித்துகள் வெயில், வரட்சி எதற்கும் அசையாமல் ஆண்டுக்கணக்கில் மண்ணில் கிடக்கும். வளவில் கிடந்த பழைய ஆணியில் கறளும் இருந்தது, மண்ணும் இருந்தது; காலில் ஏறியபோது நம் ஆட்கள் கண்ணுக்குத் தெரிந்த கறள்மேல் பழியைப் போட்டுவிட்டார்கள். கடையில் இன்று வாங்கிய பளபளப்பான முள் ஒருமுறை சேற்றைத் தொட்டாலே போதும்.

இப்போது குளத்தை நினைத்துப் பாருங்கள். ஆவணியில் தண்ணீர் உள்வாங்கிக் குளத்தின் வயிறு வெளியே தெரிகிறது. அதில் புல் முளைக்கிறது. ஊர் மாடெல்லாம் அதில்தான் மேய்கின்றன, அங்கேயே சாணம் போடுகின்றன. நீங்கள் வெறுங்காலோடு நின்று எறிவது அந்தத் தரையில். முள் கீழே விழுந்தால் விழுவதும் அதில்தான். இரைக்கு மண்புழு எங்கே கிண்டினீர்கள் என்று ஒரு தம்பியைக் கேட்டேன். "மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால டொக்டர், அங்கதான் நல்ல கொழுத்த புழு." அந்தப் புழுவைக் கோர்த்த முள்தான் அவருடைய பெருவிரலுக்குள் இருந்தது. கறள் மட்டும் இல்லை.

இன்னொன்று. "சின்ன ஓட்டைதானே, இரத்தம்கூட வரவில்லை." அதுதான் எனக்குப் பயம். இந்தக் கிருமி காற்றுப் படாத இடத்தில்தான் வளரும். வாயகன்ற வெட்டுக்காயத்தை ஓடுகிற தண்ணீரில் கழுவிவிடலாம். ஆழமாக இறங்கி மேலே மூடிக்கொள்ளும் குத்துக்காயத்துக்குள் தண்ணீரும் போகாது, காற்றும் போகாது. நோய் தெரிய வழக்கமாக மூன்று நாள் முதல் மூன்று கிழமை வரை எடுக்கும். அதற்குள் காயம் ஆறி, மறந்தும் போயிருக்கும். முதலில் தாடை இறுகி வாய் திறக்க முடியாமல் போகும். பிறகு முதுகு வளையும், மூச்சு முட்டும். அதன்பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவில் கிழமைக்கணக்கில் கிடக்க வேண்டும்.

இந்த விசயத்தில் வன்னி ஆம்பிளையள்தான் என் தலையிடி. பெண்கள் கர்ப்பகாலத்தில் கிளினிக்கில் ஏற்பு ஊசி போட்டிருப்பார்கள். பிள்ளைகளுக்கு இரண்டு மாதத்தில் தொடங்கி, பதினொரு வயதில் பாடசாலையில் போடுவது வரை அட்டவணை உண்டு; தாய்மார் கார்டோடு வருவார்கள். நாற்பது வயது அண்ணையைக் கேட்டால் "சின்னனில போட்டிருப்பினம்" என்பார். போட்டிருக்கலாம். இடம்பெயர்ந்து பள்ளிக்கூடமே இல்லாமல் இருந்த ஆண்டுகளில் தவறியும் இருக்கலாம். கார்ட் 2009இல் எந்தப் பங்கருக்குள் போனதோ. பதிவு இல்லை என்றால் போடவில்லை என்றே நாங்கள் எடுத்துக்கொள்வோம். முழுமையாகப் போட்டவர்களுக்கும், மண்பட்ட காயமென்றால், கடைசி ஊசி போட்டு ஐந்து வருடம் கடந்திருந்தால் இன்னொன்று வேண்டும். மாமாவுக்கும் இது பொருந்தும். கனேடியக் கடவுச்சீட்டு தடுப்பூசி அல்ல.

முள் ஏறினால் இழுக்காதீர்கள். உள்ளே போகும் வழியில் வழுக்கிப் போகும், வெளியே வரும் வழியில் எதிர்முள் சதையைக் கிழிக்கும். நாங்கள் விறைப்பு ஊசி போட்டு, முனையை முன்னால் தள்ளி வெளியே எடுத்து, எதிர்முள்ளை வெட்டிவிட்டு, வந்த வழியே திருப்பி எடுப்போம். (ஆஸ்பத்திரிக் கத்தரிக்குப் பெரிய தூண்டில் மசியாது. பக்கத்துச் சைக்கிள் கடையில் கம்பி வெட்டும் குறடு இரவல் வாங்கிய நாட்களும் உண்டு.) தங்கூசியை மட்டும் வெட்டிவிட்டு, முள்ளின் தண்டைத் தொடாமல், அசையாமல் வாருங்கள். மும்முள் என்றால் மற்ற இரண்டையும் துணியால் சுற்றுங்கள். இல்லாவிட்டால் மிஸ்ஸின் கையிலும் ஏறும்.

கண்ணிலோ இமையிலோ ஏறினால் கையே வைக்க வேண்டாம். கழுவாதீர்கள், அழுத்திக் கட்டாதீர்கள். கடதாசிக் கோப்பை ஒன்றைக் கண்ணுக்கு மேல் கவிழ்த்து ஒட்டிவிட்டு 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள். சத்திரசிகிச்சை தேவைப்படலாம், அதனால் வழியில் பிள்ளைக்கு யூஸ், பிஸ்கட் கொடுக்க வேண்டாம். அழுகிறானே என்று கொடுப்பீர்கள், தெரியும். தயவுசெய்து வேண்டாம்.

கெளிறு மீன் குத்தினால் சுண்ணாம்பும் மண்ணெண்ணெயும் பூசிக்கொண்டு வராதீர்கள். பொறுக்கக்கூடிய அளவு சுடுதண்ணீரில் அரை மணிக்குக் குறையாமல் கையை வைத்திருங்கள். அந்த விசம் சூட்டுக்கு முறியும். சூட்டைக் குத்துப்படாத கையால் பாருங்கள். விறைத்த கைக்குச் சூடு தெரியாது, அவிந்து போகும். முள் உள்ளே முறிந்திருக்கலாம் என்பதால் பிறகு எப்படியும் வந்து காட்டுங்கள்.

சீனி வருத்தக்காரர் காலில் புண்ணோடு குளத்துச் சேற்றில் இறங்கவே வேண்டாம். மாரியில் இறங்குகிறவர்கள் எலிக்காய்ச்சலுக்கான குளிசையைப் பற்றி உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

மற்றபடி மீன் பிடிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொரித்த யப்பான் மீன் எனக்கும் பிடிக்கும். குறட்டால் எதிர்முள்ளை நசுக்கிவிட்டு எறியுங்கள். நூலைத் தளரவிடாமல் இழுத்தால் மீன் கழராது, உங்கள் தோலிலிருந்தும் முள் இலேசாக வரும். வெயிற்கண்ணாடி போடுங்கள். எறியும் முன் திரும்பிப் பாருங்கள். பிள்ளைகளைப் பக்கவாட்டில், தடியின் நீளத்தைவிடத் தள்ளி இருத்துங்கள்.

முதல் ஊசி போட்டவர்களே, ஒன்றோடு முடியவில்லை. முன்பு எப்போதும் போடாதவருக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறு மாதத்துக்குப் பிறகு மூன்றாவது. துண்டில் திகதி எழுதித்தான் தருகிறோம். விமானம் ஏறிவிட்டால் அந்தத் துண்டை அங்குள்ள டொக்டரிடம் காட்டுங்கள், மிச்சத்தை அவர் போடுவார்.