பீனோடைப்: புறத்தோற்றமா, விளைபண்பா?

பள்ளியில் மெண்டலின் பட்டாணிச் செடியோடு அறிமுகமான சொல் இது. நெட்டை, குட்டை என்று கண்ணுக்குத் தெரிவதுதான் பீனோடைப், தமிழில் 'புறத்தோற்றம்' என்று எழுதி மதிப்பெண் வாங்கினோம்.

கிரேக்க வேரைப் பார்த்தால் அந்தத் தமிழாக்கம் சரிதான். 'பைனோ' என்றால் காட்டு, தோன்றச் செய். 'டைப்போஸ்' என்றால் அச்சு, பதிவு. இரண்டையும் சேர்த்தவர் டென்மார்க் தாவரவியலாளர் வில்ஹெல்ம் யோஹான்சன். 1909-ல் ஜெர்மன் மொழியில் அவர் எழுதிய நூலில்தான் ஜீன் (மரபணு), ஜீனோடைப் (ஓர் உயிரின் மரபணு அமைப்பு), பீனோடைப் மூன்றும் ஒன்றாக வந்தன.

அவரை அங்கே கொண்டுபோனது பீன்ஸ் விதை. தன் மகரந்தத்தாலேயே கருவுறும் ஒரே வழிவந்த செடிகளில் பெரிய விதையையும் சிறிய விதையையும் தனித்தனியே விதைத்தார். இரண்டின் மகசூலிலும் விதையின் சராசரி எடை ஒன்றாகவே இருந்தது. அப்படியானால் பெரிதும் சிறிதுமாக விளைந்தது மரபால் அல்ல, வளர்ந்த சூழலால். இதைக் கொங்கு விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே மூட்டைச் சோள விதையை மேட்டாங்காட்டில் போட்டால் ஒரு வெள்ளாமை, கிணற்றுப் பாசனத் தோட்டத்தில் போட்டால் வேறொரு வெள்ளாமை.

உடல்நலம் என்று வரும்போதுதான் 'புறத்தோற்றம்' இடறுகிறது. ரத்த வகை, ரத்தச் சர்க்கரை, கொழுப்பு அளவு எல்லாமே பீனோடைப்தான். இவற்றில் எது புறத்தே தெரிகிறது? பீனைல்கீட்டோனூரியா என்ற பரம்பரை நோயைப் பாருங்கள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணுவைப் பெற்றுப் பிறந்த குழந்தையின் உடலால் பீனைல்அலனின் என்ற அமினோ அமிலத்தைச் சரியாகச் செரித்துக் கழிக்க முடியாது, அது சேர்ந்து மூளையைக் கெடுக்கும். பிறந்த சில நாளிலேயே கண்டறிந்து, அந்த அமிலம் குறைந்த உணவைத் தொடர்ந்து கொடுத்தால் மூளை நன்றாக வளரும். மரபணு அதேதான், பீனோடைப் வேறு.

எங்கள் வீட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. பெரியப்பா காங்கேயம் பக்கம் காட்டுவேலை, கம்பங்கூழ். எழுபது வயதுக்கு மேல் பார்த்த பரிசோதனையிலும் சர்க்கரை இல்லை. சித்தப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் ராத்திரி ஷிப்ட், நேரங்கெட்ட நேரத்தில் புரோட்டா. நாற்பதிலேயே மாத்திரை. உடன்பிறந்தவர்களுக்கு மரபணு மாறுபாடுகள் சராசரியாகப் பாதிதான் ஒத்துப்போகும், அதனால் எல்லாவற்றையும் வேலைமேலும் சாப்பாட்டின்மேலும் போட முடியாது. ஆனாலும் 'பரம்பரைச் சர்க்கரை, வந்தே தீரும்' என்று யாராவது கைவிட்டுப் பேசினால் எனக்கு மனசு பொறுப்பதில்லை. விதை ஒன்றை மட்டும் வைத்து வெள்ளாமையைச் சொல்லிவிட முடியுமா?

சரி, மாற்றுச் சொல்? 'வெளிப்பாடு' எனலாம், ஆனால் மரபணு வெளிப்பாடு என்பது வேறொரு கருத்துக்கு ஏற்கெனவே போய்விட்டது. நான் 'விளைபண்பு' என்பேன். இது வினைத்தொகை: விளைந்த பண்பு, விளைகின்ற பண்பு, விளையும் பண்பு, மூன்று காலமும் அதற்குள் இருக்கிறது. சித்தப்பாவின் ரத்தச் சர்க்கரையும் அப்படித்தான், இன்னும் விளைந்துகொண்டிருக்கிறது.