கரண்ட் போனதும் பாமாலை ஏன் சுதி இறங்கியது?

சாயர்புரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஆலயப் பாடகர் குழுவில் ஆல்டோ (பெண்களின் தாழ்குரல்) பாடும் ஒரு தங்கை எழுதிக் கேட்டிருந்தார். கேரல் ஆராதனையில் பாமாலை (மேல்நாட்டு மெட்டில் நாலு குரலாகப் பாடும் ஞானப்பாட்டு) பாடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டதாம். கீபோர்டு நின்றுவிட்டது, ஆனால் பாட்டை யாரும் நிறுத்தவில்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நாலு குரலும் முன்னைவிட அழகாகவே சேர்ந்து ஒலித்திருக்கின்றன. கடைசிச் சரணத்துக்குக் கரண்ட் வந்து, கீபோர்டுக்காரர் கையை வைத்ததும் எல்லோரும் திகைத்துப்போனார்கள். பாட்டு ஏறக்குறைய அரைக்கட்டை, அதாவது கீபோர்டில் கறுப்பும் வெள்ளையுமாக அடுத்தடுத்து வரும் இரண்டு கட்டைகளுக்கு இடையே உள்ள தூரம், கீழே இறங்கியிருந்தது. "யாருமே தப்பாகப் பாடவில்லை அண்ணா, அப்புறம் எப்படி?" என்பது அவர் கேள்வி.

நானும் எங்கள் ஊர் ஆலயத்தில் பேஸ் (ஆண்களின் தாழ்குரல்) பாடியவன். அங்கேயும் இது நடக்கும். "குழுவில் யாரோ மனஸ்தாபத்தோடு நிற்கிறீர்கள், அதனால்தான் சுதி இறங்குகிறது" என்று பெரியவர் ஒருவர் சொல்வார். அந்த வருஷம் தம்பியோடு வரப்புச் சண்டையில் இருந்த ஒரு மாமா தன்னைத்தான் சொல்கிறார் என்று எண்ணி, அடுத்த வாரத்திலிருந்து கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். நல்ல குரல். திரும்ப வரவேயில்லை. அப்போது இந்தக் கணக்கு எனக்குத் தெரியாமல் போயிற்றே என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

சுதி இறங்கச் சாதாரணக் காரணங்களும் உண்டு. வரியின் கடைசியில் மூச்சு தீரும், குரல்நாண்களுக்குக் கீழே காற்றழுத்தம் குறையும், சுரம் தளரும். மணிக்கணக்காக நின்ற களைப்பும் சேரும். இதெல்லாம் கொயர் மாஸ்டர்களுக்குத் தெரிந்ததுதான். யாருக்கும் களைப்பில்லை, எல்லோரும் சரியாகவே பாடுகிறார்கள், அப்படியும் இறங்குகிறது என்றால்தான் விஷயம் சுவையானது.

ஒருவர் 240 ஹெர்ட்ஸில் 'ச' பிடித்தால் அவர் தொண்டையிலிருந்து 240 மட்டும் வருவதில்லை, கூடவே 480, 720, 960, 1200 என்று சீரிசைகளும் வரும் (பள்ளியில் படித்ததுதான்). இப்போது பக்கத்தில் இருப்பவர் 300 ஹெர்ட்ஸில் 'க' பாடினால், அவருடைய நான்காவது சீரிசையும் முதலாமவரின் ஐந்தாவதும் 1200இல் ஒன்றாக விழும். காதுக்கு அது வழுவழுப்பாக இருக்கும். ஆனால் கீபோர்டின் 'க' 300 கிடையாது, சுமார் 302.4. அதன் நான்காவது சீரிசை 1209க்கும் மேலே போய்விடுவதால், இரண்டும் உரசி, ஒலி கூடிக் கூடிக் குறையும் விம்மல்கள் விநாடிக்கு ஒன்பது, பத்து கேட்கும். எல்லாச் சுரத்திலிருந்தும் பாட்டைத் தொடங்க வசதியாக, பன்னிரண்டு கட்டைகளையும் சம விகிதத்தில் பிரித்து வைத்திருப்பதால் வரும் விலை அது. கீபோர்டு ஒலிக்கும் வரை குழு அதோடு ஒட்டிப்போகும். நின்றதும், யாரும் சொல்லாமலே, பாடகர்கள் விம்மல் இல்லாத இடத்துக்கு மெல்ல நகர்கிறார்கள். இருட்டில் பாட்டு இன்னும் அழகாகக் கேட்டதன் ரகசியத்தில் இது முக்கியமான பங்கு.

இனிதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். பாமாலையில் அடிக்கடி வரும் ஒரு நடையை எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் மூன்று சுரங்கள்: ச-க-ப, பிறகு த-ச-க, பிறகு ரி-ம-த, பிறகு ப-நி-ரி, மறுபடி ச-க-ப. ஒவ்வொரு தாவலிலும் குறைந்தது ஒருவராவது பழைய சுரத்தையே பிடித்துக்கொண்டிருப்பார், மற்றவர்கள் அவரை நம்பிச் சேருவார்கள். 'ச' 240. அதற்குச் சுத்தமாகச் சேரும் 'த' 400. 'த'வைப் பிடித்தபடி அதற்குப் பொருந்தும் 'ரி'யைத் தேடினால், 400ஐ ஒன்றரையால் வகுத்து 266.7 வருகிறது. அந்த 'ரி'யைப் பிடித்துக்கொண்டு 'ப' சேர்த்தால் 355.6. அதற்குக் கீழே 'ச' சேர்த்தால் 237. தொடங்கியது 240! ஒரு படியில்கூட யாரும் பிசகவில்லை. ஒவ்வொரு சேர்க்கையும் சுத்தம், ஆனாலும் வீடு திரும்பும்போது வீடே சற்றுக் கீழே இருக்கிறது. இந்த இறக்கம் அரைக்கட்டையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். சரணத்துக்கு ஒரு முறை இந்த நடை வந்தால்கூட, ஐந்து சரணத்தில் அரைக்கட்டை போய்விடும்.

குறும்பு முழுவதும் அந்த 'ரி'யில் இருக்கிறது. 'த'விலிருந்து வந்தால் அது 266.7, முதலில் இருந்த 'ப'விலிருந்து (360) வந்தால் 270. ஒரே பெயரில் இரண்டு சுரங்கள். நம் இசை இலக்கணம் இவற்றுக்குத் தனித்தனிப் பெயரே வைத்திருக்கிறது: திரிஸ்ருதி ரிஷபம், சதுஸ்ருதி ரிஷபம். இடையில் உள்ள 81/80 என்ற விகிதம்தான் பிரமாண சுருதி. இத்தாலியில் பெனடெட்டி என்ற கணித அறிஞர், துணையின்றிப் பாடும் குழு இந்த அளவு நகர்ந்துகொண்டே போகும் என்று ஒரு இசையமைப்பாளருக்குக் கணக்குப் போட்டுக் கடிதம் எழுதினார். அது 1585இல் அச்சானது. நம் காலத்தில் பிரிட்டனின் யார்க் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹோவர்ட் நால்வர் குழுக்களைப் பாட வைத்து அளந்து, இந்த நகர்வைப் பதிவு செய்தார்.

அதே குழு, அதே ஆலயத்தில் வேதநாயகம் சாஸ்திரியார் கீர்த்தனை ஒன்றைச் சுருதிப் பெட்டியோடு பாடினால் இந்த வம்பே இல்லை. அங்கே 'ச'வும் 'ப'வும் பின்னால் ஒலித்துக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு சுரமும் நேராக அந்த 'ச'விடம் கணக்குத் தீர்க்கிறது, பக்கத்துச் சுரத்திடம் இல்லை. சங்கிலி கிடையாது, அதனால் பிழை சேர்வதும் கிடையாது.

மிருதங்கம், தபலாவின் சீரிசைகளைப் பற்றி சி.வி. ராமன் 1920இல் நேச்சர் இதழில் எழுதினார். அவர் பிறந்த மண்ணில் இன்றைக்கு இசையின் இயற்பியலுக்கு நிதி கேட்டுப் போனால் "இதனால் என்ன பயன்?" என்ற கேள்விதான் முதலில் வரும் என்பது என் ஆதங்கம். நாலு மைக்கும் ஒரு மடிக்கணினியும் இருந்தால் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்திலும் மெஞ்ஞானபுரத்திலும் அருமையான ஆய்வு செய்யலாம். பெரிய செலவே இல்லை.

தங்கைக்கு ஒரு வேலை. அந்தப் பாமாலையில் ரி-ம-த முடிந்து ப-நி-ரி வரும் இடத்தில் 'ரி' யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் உள்குரல்களில், உங்கள் ஆல்டோவிலேயேகூட இருக்கலாம். அதைப் பிடித்திருப்பவர் 'ப' வருவதற்கு முன்னால் ஒரு மயிரிழை மேலே ஏற்றினால் போதும், மூன்று ஹெர்ட்ஸ்தான். ஒரு கணம் 'த'வோடு லேசாக உரசும், பரவாயில்லை. அடுத்த பயிற்சியில் கீபோர்டை அணைத்துவிட்டு, போனில் டியூனர் செயலியை வைத்துக்கொண்டு ஐந்து சரணமும் பாடிப் பாருங்கள். முதல் 'ச' எவ்வளவு, கடைசி 'ச' எவ்வளவு என்று எனக்கு எழுதுங்கள்.