தலையில் எண்ணெய் வைக்காமல் வாருங்கள்

மூளை வரைபடம் எடுக்க நாள் குறித்துக் கொடுக்கும்போது நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான்: முந்தின இரவே ஷாம்பூ போட்டுத் தலைக்குக் குளித்துவிடுங்கள், காலையில் எண்ணெய் வைக்காதீர்கள். இரண்டு தடவை சொன்னாலும் பாதிப் பேர் எண்ணெய் வழியத்தான் வருகிறார்கள். "ஆஸ்பத்திரிக்குப் போற புள்ளைய பரட்டத் தலையோடவா அனுப்புறது" என்று பாட்டி கடைசி நேரத்தில் வைத்துவிட்டிருப்பார். பாட்டியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எண்ணெய்ப் படலத்தின் மேல் எலக்ட்ரோடை (மூளையின் சிக்னலைப் பிடிக்கும் சின்ன உலோக வில்லை) வைத்தால் மூளையின் சிக்னலைவிட இரைச்சல்தான் அதிகம் பதிவாகும். அன்றைக்கு வேலை நடக்காது, இன்னொரு நாள் வர வேண்டியதுதான்.

நான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். மருந்து எழுதுவது என் வேலையில்லை; மனநல மருத்துவர் ஒருவரோடு சேர்ந்து வேலை செய்கிறேன். கவனம் நிற்காத குழந்தைகள், பதற்றம், தூக்கமின்மை என்று வருபவர்கள் சிலருக்கு நியூரோஃபீட்பேக், அதாவது தன் மூளை அலையைத் திரையில் பார்த்தே அதை மாற்றப் பழகும் பயிற்சியும் தருகிறேன். ஆக, இந்தச் சிகிச்சையில் எனக்கும் வருமானம் இருக்கிறது. அதை மனதில் வைத்துக்கொண்டே இதைப் படியுங்கள்.

'பிரெயின் மேப்பிங்' என்றதும் சிலருக்குப் போலீஸ் ஞாபகம் வருகிறது. "அவன் பொய் சொல்றானான்னு இதுல தெரிஞ்சிடுமா?" என்று ஓர் அப்பா என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார். அது வேறு. குற்ற விசாரணையில், சந்தேக நபருக்குச் சம்பவம் தொடர்பான வார்த்தைகளையோ படங்களையோ காட்டி மூளை அலைகளைப் பதிவு செய்வதையும் அதே பெயரால்தான் அழைக்கிறார்கள். சம்பந்தப்பட்டவரின் சம்மதம் இல்லாமல் அதைச் செய்யக் கூடாது என்று செல்வி எதிர் கர்நாடக மாநிலம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பு சொன்னது. கிளினிக்கில் நாங்கள் எடுப்பது இஇஜி, அதாவது மூளையின் மின் அலைகளைத் தலைக்கு மேலிருந்து பதிவு செய்யும் சோதனை. வலிப்பு நோய்க்கு நரம்பியல் மருத்துவர்கள் எடுக்கச் சொல்வார்களே, அடிப்படையில் அதேதான். பதிவான அலைகளைக் கணினியில் போட்டு எண்ணாகவும் வண்ணப் படமாகவும் மாற்றினால் அது கியூஇஇஜி, அதாவது மூளை வரைபடம்.

தலையில் துணித்தொப்பி ஒன்றை மாட்டுவோம். அதில் 19 இடங்களில் எலக்ட்ரோடுகள் இருக்கும். காது மடல்களிலும் ஒவ்வொன்று. ஒவ்வொன்றின் அடியிலும் ஜெல் விட வேண்டும். அதற்குப் பயன்படுத்துவது சிரிஞ்ச். முனை மழுங்கியதுதான், குத்தாது. ஆனால் குழந்தை அதைப் பார்த்ததும் அழத் தொடங்கிவிடும். அதனால் நான் முதலில் குழந்தையின் உள்ளங்கையில் கொஞ்சம் ஜெல் விட்டுக் காட்டிவிடுவேன். பதிவு மட்டும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்: கொஞ்ச நேரம் கண்ணை மூடி, கொஞ்ச நேரம் திறந்து. தொப்பி மாட்டுவது, கழற்றுவது எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு வாருங்கள். ஜெல் பிசுபிசுவென்று முடியில் ஒட்டியிருக்கும், வீட்டுக்குப் போய் அலசினால் போய்விடும்.

"கரண்ட் வைப்பீங்களா?" என்று கேட்காத குடும்பமே இல்லை. வைப்பதில்லை. இந்த இயந்திரம் எதையும் உள்ளே அனுப்பாது, வெளியே வருவதைப் பதிவு மட்டும் செய்யும். வெளியே வருவதும் 50 மைக்ரோவோல்ட் அளவில்தான். டிவி ரிமோட்டில் போடும் பென்சில் பேட்டரி 1.5 வோல்ட், அதில் 30,000இல் ஒரு பங்கு. இவ்வளவு சின்ன சிக்னலை முதன்முதலில் மனிதத் தலையிலிருந்து பதிவு செய்தவர் ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மன் மனநல மருத்துவர். 1924இல் பதிவு செய்தார். ஐந்து வருடம் தயங்கி 1929இல்தான் வெளியிட்டார். கண்ணை மூடினால் பின்னந்தலையில் ஆல்ஃபா அலைகள் பெரிதாகி எழும், திறந்தால் அடங்கிவிடும் என்று அவர் கண்டதை இன்றைக்கும் நான் பெற்றோருக்குத் திரையில் காட்டுகிறேன். "இதுதான் உங்க பையன் கண்ணை மூடினது" என்றால் அம்மாக்கள் முகத்தில் வரும் வியப்பு எனக்கு இன்னும் சலிக்கவில்லை.

சிக்கல் அதற்கு அப்புறம்தான் வருகிறது, அந்த வண்ணப் படத்தில். கணினி அலைகளை வேகம் பார்த்துப் பிரிக்கிறது: வினாடிக்கு 4 அலைக்குக் கீழே டெல்டா, 4 முதல் 8 வரை தீட்டா, 8 முதல் 13 வரை ஆல்ஃபா, அதற்கு மேல் பீட்டா. பிறகு அதே வயதுடைய மற்றவர்களின் சராசரியோடு ஒப்பிடுகிறது. சராசரியிலிருந்து ஓர் எல்லையைத் தாண்டி மேலே போனால் சிவப்பு, கீழே போனால் நீலம். பெற்றோர் சிவப்பைப் பார்த்ததும் 'அங்கே ஏதோ கெட்டுப்போயிருக்கிறது' என்று நினைத்துவிடுகிறார்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 19 இடம், நான்கு வகை அலை, மொத்தம் 76 எண்கள். ஆரோக்கியமான ஆளுக்கே 100இல் 5 எண்கள் எல்லை தாண்டும் என்றுதான் அந்த எல்லையையே வைத்திருக்கிறார்கள். அப்படியென்றால் எந்த நோயும் இல்லாத ஒருவர் வந்து உட்கார்ந்தாலும் மூன்று நான்கு இடத்தில் நிறம் வந்தே தீரும். என்னுடைய வரைபடத்திலும் வந்திருக்கிறது.

போன வருடம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனை அழைத்து வந்தார்கள் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). கையில் பளபளப்பான ஃபைல். வேறொரு மையத்தில் எடுத்த வரைபடம். இரண்டு பக்க நெற்றிப்பொட்டிலும் ரத்தச் சிவப்பு. 'பீட்டா மிகை, பதற்றம், கவனக்குறைவு. 40 அமர்வுகள் பரிந்துரை' என்று எழுதியிருந்தது. மூல அலைப்பதிவு ஃபைலில் இல்லை. நான் திரும்ப எடுத்தேன். அலைகளைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது: நெற்றிப்பொட்டில் புல் முளைத்த மாதிரி அடர்த்தியாக, குச்சி குச்சியாக நிற்கிறது. அது மூளை இல்லை, தாடைத் தசை. பையன் பயத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். "வாயை லேசாத் திறந்து வைப்பா, நாக்கைத் தளர விடு" என்றேன். சிவப்பு போய்விட்டது.

இப்படித்தான் கண் சிமிட்டினால் முன் தலையில் மெதுவான அலை பெரிதாகத் தெரியும். தூக்கக் கலக்கம் வந்தால் தீட்டா ஏறும். சில தூக்க மாத்திரைகளும் பதற்ற மாத்திரைகளும் பீட்டாவை ஏற்றும். இதையெல்லாம் கண்ணால் பார்த்து, கெட்ட பகுதிகளை நீக்கிவிட்டுத்தான் கணினிக்குக் கொடுக்க வேண்டும். அதனால் நீங்கள் எங்கே எடுத்தாலும் மூல அலைப்பதிவை ஒரு நகல் கேட்டு வாங்குங்கள். கொடுக்கத் தயங்கினால், அந்த அறிக்கையை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

ஏடிஹெச்டியை, அதாவது கவனம் நிற்காமல் துறுதுறுவென்றிருக்கும் குறைபாட்டைக் கண்டறிய தீட்டா, பீட்டா விகிதம் உதவும் என்று ஒரு காலத்தில் பெரிய நம்பிக்கை இருந்தது. மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ 2013இல் அதற்கென ஒரு கருவியை அனுமதித்தது, மருத்துவரின் முழுப் பரிசோதனைக்குத் துணையாக மட்டும். 2016இல் அமெரிக்க நரம்பியல் அகாடமி, முறையான பரிசோதனைக்குப் பதிலாக இந்த விகிதத்தை நம்ப வேண்டாம் என்று எச்சரித்தது. வரைபடம் மட்டும் பார்த்து ஏடிஹெச்டி, ஆட்டிசம், மனச்சோர்வு என்று யாராவது பெயர் வைத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, நியூரோஃபீட்பேக்கில் என்ன நடக்கும்? இரண்டு மூன்று எலக்ட்ரோடு மட்டும் ஒட்டுவோம். திரையில் ஒரு விமானம் பறக்கும். நாம் விரும்பும் அலை கூடினால் விமானம் மேலே போகும், குறைந்தால் இறங்கும். குழந்தை முதலில் கேட்பது, "நான் என்ன செய்யணும்?" என்னால் பதில் சொல்ல முடியாது. சைக்கிளில் எப்படி விழாமல் இருக்கிறாய் என்று கேட்டால் எப்படிச் சொல்வது, அது மாதிரிதான். ஒரு அமர்வு அரை மணி நேரம் போல. வாரத்துக்கு இரண்டு மூன்று, மொத்தம் 20 முதல் 40 வரை என்று திட்டமிடுவது வழக்கம். முதல் சில நாளில் தலைவலி, களைப்பு வரலாம். மூன்றாவது வாரத்தில் எல்லாக் குழந்தைக்கும் விமானம் போரடிக்கும். அது இயல்பு.

இந்த யோசனை தொடங்கிய கதை சுவாரசியமானது. 1960களில் பேரி ஸ்டெர்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர், குறிப்பிட்ட மூளை அலையை எழுப்பினால் தீனி என்று பூனைகளைப் பழக்கினார். பின்னர் ராக்கெட் எரிபொருளில் உள்ள ஒரு நச்சுப் பொருளைச் சோதித்தபோது, அந்தப் பழகிய பூனைகள் மற்றவற்றைவிட வலிப்பைத் தாக்குப்பிடித்தன. அங்கிருந்து மனிதர்களுக்கு வந்தது.

ஆனால் குழந்தைகளிடம் அது எவ்வளவு வேலை செய்கிறது? அமெரிக்காவில் ஏடிஹெச்டி உள்ள 142 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு குழுவுக்கு உண்மையான பயிற்சி. இன்னொரு குழுவுக்குத் தோற்றத்தில் அதே மாதிரி போலிப் பயிற்சி. யாருக்கு எது என்று குழந்தைக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. இரண்டு குழுவுமே நன்றாக முன்னேறின. கவனக்குறைவில் இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இந்த முடிவைப் படித்த அன்று எனக்குச் சங்கடமாக இருந்தது, மறைக்கவில்லை. அப்புறம் யோசித்தேன்: வாரத்துக்கு மூன்று தடவை, போன் இல்லாமல், ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து "நல்லா பண்றே" என்று சொல்ல, ஒரே வேலையைக் குழந்தை அரை மணி நேரம் செய்கிறது. அதுவே ஒரு சிகிச்சைதானே. அதனால் இப்போது நான் இதைத் துணைப் பயிற்சி என்றுதான் சொல்கிறேன். பத்து அமர்வு முடிந்ததும் ஆசிரியரிடமும் வீட்டிலும் விசாரிப்பேன். மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடுவேன். ஓர் அமர்வு 1,500 ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள், 40 அமர்வுக்கு 60,000. மொத்தமாக முன்பணம் கட்டிவிட்டால், பலன் இல்லாவிட்டாலும் பாதியில் விட மனம் வராது.

நியூரோதெரபி என்ற பெயரில் ஆர்டிஎம்எஸ் சிகிச்சையும் சொல்வார்கள். இது வேறு ஜாதி. இங்கே இயந்திரம் உள்ளே அனுப்பவும் செய்கிறது, மின்சாரத்தை இல்லை, காந்தத் துடிப்பை. மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்கு எஃப்டிஏ 2008இல் அனுமதித்தது. ஆதாரம் நியூரோஃபீட்பேக்கைவிட வலுவானது. நம் ஊர்ப் பக்கம் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையில் செய்கிறார்கள், தனியார் மருத்துவமனைகளிலும் இருக்கிறது. முதல் நாள் உங்கள் கட்டைவிரல் தானாகத் துள்ளும் வரை அளவை ஏற்றிப் பார்ப்பார்கள். பயப்படாதீர்கள், எவ்வளவு சக்தி தேவை என்று அளப்பது அப்படித்தான். பிறகு மரங்கொத்தி கொத்துகிற மாதிரி சத்தம், காதில் அடைப்பான் தருவார்கள். வாரத்துக்கு ஐந்து நாள், நான்கு முதல் ஆறு வாரம். மயக்க மருந்து கிடையாது, 'ஷாக்' சிகிச்சையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தலைக்குள் உலோகத் துண்டோ கிளிப்போ, காதில் காக்ளியர் கருவியோ (காது கேட்க அறுவை செய்து பொருத்துவது), வலிப்பு வரலாறோ இருந்தால் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். எந்தப் பயிற்சிக்காகவும் வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒரு மையத்தில் "மூளை சீராயிடுச்சு, மாத்திரை வேண்டாம்" என்று சொன்னதைக் கேட்டு நிறுத்திவிட்டு, பத்தாம் நாள் பள்ளி மைதானத்தில் வலிப்பு வந்து விழுந்த சிறுமியை நான் பார்த்திருக்கிறேன். மருந்தைக் குறைப்பதும் நிறுத்துவதும் அதை எழுதிய மருத்துவரின் முடிவு.

அந்த ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் அன்று வெகு நேரம் பேசினேன். காலை ஐந்து மணிக்கு டியூஷன். இரவு பன்னிரண்டரை வரை போர்வைக்குள் போன். நாலரை மணி நேரத் தூக்கம். நியூரோஃபீட்பேக் வேண்டாம், முதலில் தூக்கத்தைச் சரி செய்வோம் என்றேன். அவன் அம்மாவுக்கு ஏமாற்றம். "அப்போ மெஷின்ல ஒண்ணும் வைக்க மாட்டீங்களா மேடம்?" என்று வாசல் வரை போய்த் திரும்பி வந்து கேட்டார். டியூஷனைச் சாயங்காலத்துக்கு மாற்றினார்கள், போன் இரவில் சமையலறை அலமாரிக்குப் போனது. இரண்டு மாதம் கழித்து வந்தபோது, வகுப்பில் தூங்குகிறான் என்ற புகார் நின்றிருந்தது. கணக்கில் மார்க் மட்டும் ஏறவில்லை. ஏன்ப்பா என்று கேட்டேன். கணக்கு பிடிக்கவில்லை என்றான்.