பழைய சேமிப்புப் பெட்டி காட்டிய 746

அட்டனில் கணினி திருத்தும் என்னிடம், மலையகத்தின் காமன் கூத்து முதல் திருமணம் வரை ஒளிப்பதிவு செய்யும் ஸ்டூடியோ உரிமையாளர் ஒருவர், வன்தட்டுகளைப் பொருத்தி நெட்வொர்க் வழியாகப் பல கணினிகளிலிருந்தும் பயன்படுத்தும் பழைய சேமிப்புப் பெட்டியொன்றையும் புதிய 3 டெராபைட் வன்தட்டையும் கொண்டுவந்தார். "தம்பி, இந்தப் பெட்டி 746 ஜிகாபைட்தான் காட்டுகிறது, கடையில் போலியை விற்றுவிட்டார்கள்" என்றார். வன்தட்டில் குறையில்லை; அந்த 746 என்ற எண்ணே பெட்டியின் எல்லையைச் சொல்லிவிடுகிறது.

வன்தட்டு தன் இடத்தை 512 பைட் கொண்ட செக்டர்கள் எனும் சிறு துண்டுகளாகப் பிரித்து எண்ணிடுகிறது. பல பழைய பெட்டிகள் அந்த எண்ணை 32 பிட்டுக்குள், அதாவது 32 இரும இலக்கங்களுக்குள், அடக்குகின்றன; அதில் 4,294,967,296 செக்டர்களுக்கு மேல் எண்ண இயலாது என்பதால், ஏறக்குறைய 2.2 டெராபைட்டுடன் கணக்கு முடிந்து மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது. மூன்றில் 2.2 போக எஞ்சும் 801 ஜிகாபைட்டை 1024இன் கணக்கில் சொன்னால் அதுவே 746. அதே வன்தட்டை நேரடியாக விண்டோஸ் கணினியில் பொருத்தினால் 2.72 டெராபைட் என்று காட்டும். இது வன்தட்டு உற்பத்தியாளரின் 1000இன் கணக்குக்கும் விண்டோஸின் 1024இன் கணக்குக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே, இதற்காக யாரும் கலங்க வேண்டியதில்லை.

குறைத்துக் காட்டும் பெட்டியால் பணம்தான் வீணாகிறது. முழு அளவையும் காட்டிவிட்டு, எழுதும்போது செக்டர் எண்ணில் 32 பிட்டுக்கு மேலுள்ள பகுதியை உதறிவிடும் பெட்டியைத்தான் நான் அஞ்சுகிறேன். அதில் 2.2 டெராபைட் நிரம்பும்வரை எல்லாம் சரியாகவே நடக்கும். அதற்கு அடுத்து வரும் கோப்பு வன்தட்டின் தொடக்கத்தில் போய் விழுந்து, வன்தட்டு எப்படிப் பிரிக்கப்பட்டுள்ளது என்பதைக் குறிக்கும் பகுப்பு அட்டவணையையும் முதலில் சேமித்த படங்களையும் அழித்துவிடும். ஆகவே பெட்டி காட்டும் அளவை நம்பாமல், பெட்டியில் பொருத்திய வெற்று வன்தட்டை இறுதிவரை சோதனைக் கோப்புகளால் நிரப்பி, அவற்றைத் திரும்ப வாசித்து ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே உண்மையான படங்களை அதில் வையுங்கள். நொடிக்கு 30 மெகாபைட் வேகத்தில் 3 டெராபைட்டை எழுத மட்டும் ஏறக்குறைய 28 மணிநேரம் ஆகும். மழைக்காலத்தில் மின்சாரம் அடிக்கடி தடைப்படும் நமது ஊர்களில் யுபிஎஸ் இல்லாமல் இதைத் தொடங்க வேண்டாம்.

வேறொரு தவறும் அடிக்கடி என் மேசைக்கு வருகிறது. வன்தட்டை யுஎஸ்பி வழியாக வெளியிலிருந்து இணைக்க உதவும் சில உறைகள் இந்த 2.2 டெராபைட் எல்லையைக் கடப்பதற்காக 512க்குப் பதில் 4096 பைட் செக்டர்களாகக் காட்டுகின்றன. அவ்வாறு பயன்படுத்திய வன்தட்டைக் கழற்றிப் பழைய பெட்டியில் பொருத்தினால் அது வெறுமையாகத் தோன்றும். தரவு அழியவில்லை; ஃபோர்மட் செய்யச் சொல்லும் பொத்தானை அழுத்தாமல் பழைய உறைக்கே திருப்பினால் எல்லாம் தெரியும்.

2 டெராபைட்டைத் தாண்டும் வன்தட்டுக்குப் எம்பிஆர் எனும் பழைய பகுப்பு முறை போதாது, ஜிபிடி எனும் புதிய முறை வேண்டும்; பெட்டியின் மென்பொருளுக்கு அது தெரியாவிட்டால் பெரிய வன்தட்டை வாங்காதீர்கள். இந்த எல்லையைத் தாண்டிய, 32 பிட் செயலி கொண்ட பெட்டிகள் பலவும் ஒரே தொகுதியில் 16 டெராபைட்டுடன் நின்றுவிடுகின்றன. 256 மெகாபைட் நினைவகம் மட்டுமே கொண்ட பெட்டியில், மின்தடைக்குப் பிறகு பெரிய கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் பணி நினைவகம் போதாமல் பாதியிலேயே அறுந்துவிடலாம்.

ஸ்டூடியோக்காரரின் பெட்டிக்கு உற்பத்தியாளரின் புதிய மென்பொருள் எதுவும் இருக்கவில்லை. அதில் இரண்டு 2 டெராபைட் வன்தட்டுகளை ஒன்றுக்கொன்று பிரதியாக அமைத்துக் கொடுத்தேன். 3 டெராபைட் வன்தட்டு அவருடைய எடிட்டிங் கணினிக்குள் சென்றது. காமன் கூத்துப் பதிவுகளின் மற்றொரு பிரதியை நுவரெலியாவிலுள்ள மகள் வீட்டில் வைக்கும்படி கேட்டுக்கொண்டேன். அடுத்த வாரமே அவர் அதைக் கொண்டுபோய் வைத்தார்.