எதுவுமே கடிக்கலையே டாக்டர்!

மாசி பிறந்தால் போதும், பறவை பார்க்கவும் செடி கொடிகளைப் பதிவு செய்யவும் போய்வந்தவர்கள் காய்ச்சலோடு வருகிறார்கள். இந்த வாரமும் ஒருவர். ஒரு வாரத்துக்கு மேல் காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி. டெங்கு இல்லை, மலேரியா இல்லை, ரத்தத் தட்டணுக்கள் மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கின்றன. "வெளியே எங்காவது போனீர்களா?" என்றால் இல்லை என்கிறார். ஏரிக்கரையில் விஷ்ணுகிராந்திப் பூவைப் படமெடுக்கப் புல்லில் குப்புறப் படுத்திருந்தது அவர் கணக்கில் வரவில்லை. பேண்ட் பட்டி அழுத்தும் இடத்தில் பார்த்தேன். மிளகளவு கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம். ஸ்க்ரப் டைஃபஸ், அதாவது புல்லிலும் புதரிலும் இருக்கும் சிற்றுண்ணி கடித்து வரும் பாக்டீரியாக் காய்ச்சல்.

அடுத்த வசனம் எனக்கு மனப்பாடம்: "எதுவுமே கடிக்கலையே டாக்டர்!"

கடித்தால் தெரியாது ஐயா. இது மாட்டின் மடியில் உப்பித் தொங்குகிற உண்ணி இல்லை, அட்டையும் இல்லை. புல்லில் காத்திருக்கும் சிற்றுண்ணியின் குஞ்சு. கால் மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். கடி வலிக்காது, பொருக்கும் வலிக்காது. அக்குள், தொடையிடுக்கு, மார்புக்கு அடியில், காதுக்குப் பின்னால் என்று நீங்கள் பார்க்காத இடமாகப் பார்த்துக் கடிக்கும். காய்ச்சல் வருவதோ 6 முதல் 21 நாள் கழித்து. சிலருக்குப் பொருக்கே இருக்காது. அடர்ந்த காட்டுக்குத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. எலி நடமாடும் புதர், வரப்பு, ஏரிக்கரை போதும். அடிக்கடி இதைப் பார்க்கும் வேலூர்ப் பக்கத்து மருத்துவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

கடையில் வாங்கிப் போடும் அமாக்ஸிசிலின், செஃபிக்ஸிமுக்கெல்லாம் இந்தக் கிருமி மசியாது. டாக்ஸிசைக்ளின் அல்லது அஸித்ரோமைசினை நேரத்தோடு தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் விடும். அதற்காக அதையும் நீங்களே வாங்கிப் போடாதீர்கள்! விட்டுவைத்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போகும். (சக மருத்துவர்களே, உடையைத் தளர்த்திப் பார்க்க நமக்கும் கொஞ்சம் சோம்பல்தான்.)

முழுக்கைச் சட்டை போடுங்கள். பேண்ட் நுனியை சாக்ஸுக்குள் செருகுங்கள். பார்க்க நன்றாக இருக்காதுதான், ஏரிக்கரையில் யார் பார்க்கப் போகிறார்கள்? டீட் கலந்த பூச்சிவிரட்டி தடவுங்கள். படுத்துத்தான் படமெடுப்பேன் என்றால் ஒரு தார்ப்பாயாவது விரித்துக்கொள்ளுங்கள். துண்டைப் புதர்மேல் உலர்த்தாதீர்கள். வீடு திரும்பியதும் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் குளியுங்கள், உடுப்பு நேராக வெந்நீருக்குப் போகட்டும்.

அப்புறமும் காய்ச்சல் வந்தால், தயவுசெய்து போனில் இருக்கும் அந்த இ-பேர்ட் பட்டியலை (பார்த்த பறவைகளைப் பதியும் செயலிதான்) மருத்துவரிடம் காட்டுங்கள். எந்த ஏரி, எந்தத் தேதி, எத்தனை மணி நேரம், எல்லாம் அதில் இருக்கிறது. பூநாரைக் கதையைக் காய்ச்சல் விட்ட பிறகு பேசிக்கொள்ளலாம்.